சிரிப்பால் கடன் அடைத்த மார்க் ட்வைன்

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)



மலர்க்குழு கட்டுரை கேட்டதும் காமராசர், விசுவேசுவரய்யா, அப்துல் கலாம் எல்லாரையும் சீனியர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் மார்க் ட்வைனைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சிரிப்பு, மர்மம், சாகசம் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கொதிக்க வைக்கிற கதை என்றால் எனக்கு உயிர். எங்கள் வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் கிடையாது. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. ஊர்க் கிளை நூலகத்தில் அட்டை போன 'டாம் சாயர்' தமிழ்ப் புத்தகம்தான் நான் முதன்முதலில் முழுசாகப் படித்த கதை. அதை எழுதினவர் யாரென்று தேடிப் பார்த்தால், பன்னிரண்டு பதிமூன்று வயசிலேயே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட ஒரு அச்சாபீஸ் பையன்!

சிரிப்புக் கதை என்றால் தூக்கம் வராதவன் படிப்பது என்று நம் ஹாஸ்டலில் ஒரு நினைப்பு இருக்கிறது. இந்த மனிதர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்ல வாய் வராது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்க் ட்வைன் பொன்மொழிகள் என்று நாலா பக்கமும் சுற்றுகின்றன. அதில் பாதியை அவர் சொன்னதே இல்லை. அதனால் பொன்மொழி ஒன்றுகூட இங்கே போடவில்லை. வாழ்க்கையை மட்டும் சொல்கிறேன்.

ஈய எழுத்தும் நிலா வெளிச்சமும்

சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ் என்பதுதான் நிஜப் பெயர். 1835 நவம்பர் 30 அன்று அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் புளோரிடா என்ற குக்கிராமத்தில் பிறந்தார் (புளோரிடா மாநிலம் வேறே, குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஏழு பிள்ளைகளில் ஆறாவது. நாலு வயசாகும்போது குடும்பம் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹானிபல் என்ற ஊருக்குக் குடிவந்தது. அப்பா வக்கீல், உள்ளூர் நீதிபதியாகவும் இருந்தார். கடை வைத்தார், நிலம் வாங்கிப் போட்டார், எதிலும் காசு நிற்கவில்லை. 1847-இல் நிமோனியா கண்டு இறந்துபோனார். அப்போது சாமுக்கு 11 வயசு. அதற்கப்புறம் படிப்பு எங்கே ஓடும்? கொஞ்ச நாளில் ஒரு அச்சாபீசில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது, சோறும் துணியும்தான்.

அந்தக் காலத்து அச்சாபீஸ் வேலை என்றால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாற்றி, வரியாகக் கோர்க்க வேண்டும். அச்சடித்து முடிந்ததும் அதே எழுத்துகளை ஒவ்வொன்றாக அந்தந்த அறையில் திருப்பிப் போட வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஹானிபல் சின்ன ஊர்தான். ஆனால் ஒரு பையனுக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தது. ஆறு, ஆற்று நடுவில் தீவு, ஊருக்கு வெளியே உள்ளே போனால் வழி தெரியாத குகை. பயமும் இருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போனால் உதை விழும் என்று ராத்திரி அப்பாவின் ஆபீஸ் அறைக்குள் போய்ப் படுத்தான் சாம். தரையில் ஏதோ நீளமாகக் கிடக்கிற மாதிரி இருந்தது. நிலா வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தது. முதலில் ஒரு கை, அப்புறம் முகம், அப்புறம் நெஞ்சில் கத்திக்குத்துக் காயம். அன்று தெருச் சண்டையில் குத்துப்பட்ட ஒருவரை வைத்தியத்துக்காக அங்கே தூக்கி வந்திருக்கிறார்கள், அவர் அங்கேயே இறந்துவிட்டார். பையன் ஓடின ஓட்டத்தில் ஜன்னல் சட்டமும் கூடவே போய்விட்டதாகப் பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதினார். நான் அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் அந்தப் பையனின் நிலைமை உறைத்தது. இவருடைய எல்லாக் கதையும் இப்படித்தான். முதலில் சிரிப்பு வரும், உள்ளே ஒரு பிணம் கிடக்கும்.

1853-இல், 17 வயசில் ஊரை விட்டுக் கிளம்பினார். செயின்ட் லூயிஸ், நியூயார்க், பிலடெல்பியா என்று ஊர் ஊராக அச்சுக் கோர்த்துப் பிழைத்தார். நியூயார்க்கில் அச்சுத் தொழிலாளிகளுக்கென்று இலவச நூலகம் இருந்தது. பகலில் வேலை, ராத்திரி அங்கே படிப்பு. காலேஜ் எல்லாம் அவ்வளவுதான்.

ஆற்றின் சிலபஸ்

1857-இல் கப்பல் பைலட் வேலை பழகப் போனார். பைலட் என்றதும் ஆகாயத்தைப் பார்க்காதீர்கள். ஆற்றில் ஓடும் நீராவிக் கப்பலை வழி நடத்துகிறவருக்குத்தான் அந்தப் பெயர். ஹோரேஸ் பிக்ஸ்பி என்ற பைலட் 500 டாலர் குருதட்சணை பேசி இவரைச் சேர்த்துக்கொண்டார். செயின்ட் லூயிசிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை சுமார் 1,200 மைல் ஆறு. அதன் ஒவ்வொரு வளைவும் திட்டும், தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மரக்கட்டையும் மனப்பாடம் ஆக வேண்டும். பகலில் ஒரு மாதிரி, இருட்டில் ஒரு மாதிரி, மேலே போகும்போது ஒன்று, கீழே வரும்போது இன்னொன்று. எல்லாம் படித்து முடித்தால் வெள்ளம் வந்து ஆறு பாதையையே மாற்றிவிடும். திரும்ப முதலிலிருந்து படிக்கணும்! சிலபஸ் மாறினால் நாம் போடுகிற கூச்சல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. 1859-இல் லைசென்ஸ் வாங்கினார். பைலட்டுக்கு அப்போது மாசம் 250 டாலர் சம்பளம். அது பெரிய தொகை.

கப்பல் ஆழமில்லாத இடத்துக்கு வந்தால் ஒரு ஆள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு ஆழம் பார்த்துக் கூவுவார். நம் கடற்கரை மீனவர்கள் பாகம் என்று ஒரு அளவு சொல்வார்கள், இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய ஆறடி. அங்கேயும் அதே கணக்குத்தான். இரண்டு பாகம் ஆழம், அதாவது 12 அடி இருந்தால் கப்பல் தரை தட்டாது. அதற்கு அவர்கள் கூவும் சொல்தான் மார்க் ட்வைன். பின்னாளில் அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார். இதற்கு மேல் போனால் பிழைத்தோம், இதற்குக் கீழே என்றால் ஆபத்து என்ற அந்தக் கோட்டின் பெயர் அது.

அந்த ஆற்றில்தான் பெரிய இடியும் விழுந்தது. தம்பி ஹென்றிக்கு 'பென்சில்வேனியா' என்ற கப்பலில் வேலை வாங்கிக் கொடுத்தது சாம்தான். அவரும் அதே கப்பலில்தான் தொழில் பழகினார். அங்கே இருந்த ஒரு முரட்டு பைலட் ஹென்றியை அடிக்கப் போக, சாம் அவரை வெளுத்து வாங்கிவிட்டார். அந்தத் தகராறில் சாம் நியூ ஆர்லியன்சில் இறங்க வேண்டியதாயிற்று. தம்பி மட்டும் போனான். 1858 ஜூன் மாதம் மெம்பிஸ் ஊருக்கு அருகே அந்தக் கப்பலின் பாய்லர்கள் வெடித்தன. வெந்துபோன உடம்போடு ஹென்றி சில நாள் கிடந்து உயிரை விட்டான். வயசு 19. அண்ணன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன்னால்தான் தம்பி செத்தான் என்ற எண்ணம் சாகும்வரை அவரை விடவில்லை.

1861-இல் உள்நாட்டுப் போர் வந்ததும் ஆற்றுப் போக்குவரத்து நின்றுபோனது. பைலட் வேலையும் போச்சு. அண்ணன் ஓரியனோடு நெவாடாவுக்குப் போய் வெள்ளி தோண்டினார், ஒன்றும் தேறவில்லை. வர்ஜீனியா சிட்டியில் ஒரு பத்திரிகையில் நிருபரானார். 1863 பிப்ரவரியில் மார்க் ட்வைன் என்ற பெயர் முதன்முதலாக அச்சானது. 1865-இல் ஒரு பந்தயத் தவளையைப் பற்றி எழுதின சிரிப்புக் கதை நாடு பூராவும் பரவியது. 1869-இல் பயணப் புத்தகம், 1870-இல் ஒலிவியா லாங்டனோடு கல்யாணம், அப்புறம் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பெரிய வீடு. மூத்த பையன் 19 மாசத்தில் இறந்தான். மூன்று பெண்கள் வளர்ந்தார்கள்.

கல்லறையும் வெள்ளையடித்த வேலியும்

'டாம் சாயர்' 1876-இல் வந்தது. பெரியம்மா வேலிக்கு வெள்ளையடிக்கச் சொல்ல, அந்த வேலையை ஏதோ பெரிய பாக்கியம் போலக் காட்டி, மற்ற பையன்களிடம் கூலி வாங்கிக்கொண்டு அவர்களையே அடிக்க வைக்கிறானே டாம், அது எல்லாருக்கும் தெரியும். பல பேர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது வெறும் தொடக்கம்தான். கொஞ்ச நேரத்தில் டாமும் ஹக்கும் செத்த பூனையைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரி கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். எதற்கு? மருவு உதிர்வதற்கு! நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணெதிரில் ஒரு டாக்டர் கொலை. கொன்றவன் இன்ஜுன் ஜோ, பழி விழுந்தது குடித்துக் கிடந்த மஃப் பாட்டர் மேல். சாட்சி இரண்டு சிறுவர்கள். சொன்னால் உயிர் போகும், சொல்லாவிட்டால் ஒரு அப்பாவி தூக்கில் தொங்குவான். இதற்கு நடுவில் இவர்கள் தீவுக்கு ஓடிப்போய், ஊரார் செத்துவிட்டதாக நினைத்துத் தங்களுக்கே நடத்தும் இறுதிச் சடங்கில் வந்து நிற்கிறார்கள். கடைசியில் குகை, இருட்டு, தீர்ந்துபோகும் மெழுகுவத்தி, புதையல்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. சிரிப்பு தனி, பயம் தனி என்று மாற்றி மாற்றி வைக்கவில்லை. செத்த பூனை இல்லாவிட்டால் பையன்கள் அங்கே போயிருக்கவே மாட்டார்கள், கொலையைப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். சிரிப்புத்தான் கதையை ஆபத்துக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. நம் சினிமாவில் காமெடி டிராக் என்று தனியாக ஒட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒரு குறையும் சொல்லணும். பூர்வகுடி ரத்தம் கலந்த அந்த இன்ஜுன் ஜோவை முழுக்க முழுக்கக் கெட்டவனாகவே காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது 'ஹக்கிள்பெரி ஃபின்', 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும் 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வந்தது. குடிகார அப்பனிடமிருந்து தப்பிய ஹக்கும், விற்கப்படப் போவதை அறிந்து ஓடிவந்த அடிமை ஜிம்மும் ஒரு கட்டுமரத் தெப்பத்தில் மிசிசிப்பியில் போகிற கதை. மோசடிப் பேர்வழிகள், கொலைகாரர்கள் பதுங்கிய உடைந்த கப்பல், பரம்பரைப் பகை, இருட்டு எல்லாம் உண்டு, விழுந்து விழுந்து சிரிக்கவும் நிறைய உண்டு. ஆனால் ஒரு இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். ஜிம்மைக் காட்டிக் கொடுப்பதுதான் புண்ணியம், மறைத்தால் நரகம் என்று அந்தப் பையனுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கடிதம்கூட எழுதிவிடுகிறான். அப்புறம் ஜிம் தனக்காகக் கண் விழித்த ராத்திரிகளை நினைத்துப் பார்க்கிறான். நரகமே பரவாயில்லை என்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறான். அந்தப் பக்கத்தை நான் நாலைந்து தடவை படித்திருப்பேன்.

நாவல் முழுவதும் படிக்காத பையன் பேசுகிற பேச்சிலேயே எழுதப்பட்டது. பரீட்சைத் தாளில் பேச்சு வழக்கு வந்தால் நமக்கு மார்க் போச்சு. அங்கேயும் அப்படித்தான். மாசசூசெட்ஸில் கான்கார்ட் ஊர் நூலகம் இந்தப் புத்தகம் கொச்சை என்று சொல்லி 1885-இலேயே வெளியே தள்ளிவிட்டது. விற்பனை என்னவோ குறையவில்லை.

ட்வைன் அடிமை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசில் அது தப்பென்றே அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஹக்கின் கதை வந்த அதே 1885-இல் யேல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் படித்த வார்னர் மெக்கின் என்ற கறுப்பின மாணவருக்குச் சாப்பாட்டு, தங்குமிடச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். அந்த மாணவர் பிற்காலத்தில் பால்டிமோரில் பேர்பெற்ற வக்கீல் ஆனார். சாப்பாட்டுச் செலவைப் பார்க்க ஒருவர் இருந்தால் ஒருத்தன் எவ்வளவு தூரம் போகலாம் என்பது நம்மில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

18,000 உதிரிபாகம்

இனிமேல் சொல்லப்போவது மெக்கானிக்கல்காரர்களுக்கு. மற்ற டிபார்ட்மென்ட்காரர்களும் படிக்கலாம்!

ட்வைனுக்கு மெஷின் பைத்தியம். சொந்தமாக மூன்று காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதில் பசை தடவிய தாள் உள்ள ஒட்டுப் புத்தகம் நன்றாகவே விற்றது. டைப்ரைட்டரை முதல் முதல் வாங்கிய எழுத்தாளர்களில் அவரும் ஒருவர். 1889-இல் எழுதிய 'கனெக்டிகட் யாங்கி' நாவலின் கதாநாயகன் யார் தெரியுமா? துப்பாக்கித் தொழிற்சாலை ஃபோர்மேன்! தலையில் அடிபட்டு, கண் விழித்தால் 6-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் ராஜா காலத்தில் இருக்கிறான். கொளுத்தப் போகிற நேரத்தில் சூரிய கிரகணத்தை வைத்துத் தப்பி, டெலிபோன், பத்திரிகை, ஃபேக்டரி எல்லாம் கொண்டுவருகிறான். முக்கால்வாசி சிரிப்பு. கடைசியில் அதே மெஷின்களால் ஆயிரக்கணக்கான பேர் சாகிறார்கள். ஒரு டிப்ளமோக்காரன் கட்டாயம் படிக்க வேண்டிய கதை என்பேன்.

அந்தக் கதையை எழுதிய சமயத்தில் ட்வைன் தன் பணத்தை எல்லாம் ஒரு மெஷினில் கொட்டிக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் பேஜ் என்பவர் செய்த அச்சுக்கோர்க்கும் இயந்திரம் அது. கையால் அச்சுக் கோர்த்த பையனாயிற்றே, பார்த்ததும் மயங்கிவிட்டார். 18,000 உதிரிபாகம். பேஜ் செய்தது என்னவென்றால், ஒரு அச்சுத் தொழிலாளியின் கை செய்கிற வேலை அத்தனையையும் மெஷினைச் செய்ய வைத்தார். தயாராக உள்ள எழுத்தைப் பொறுக்கும், வரியாக அடுக்கும், இடைவெளி சரி பண்ணும், முடிந்ததும் திரும்ப அறையில் போடும். ஓடினால் அற்புதமாக ஓடும். ஆனால் எங்கேயாவது ஒன்று இடறினால் மொத்தமும் நின்றுவிடும். பேஜ் அதைக் கழற்றுவார், இன்னும் ஒன்றைச் சேர்ப்பார், வருஷம் ஓடும், ட்வைன் செக் எழுதுவார்.

அதே நேரம் ஜெர்மனியிலிருந்து குடியேறிய மெர்கென்தாலர் என்ற கடிகாரத் தொழிலாளி வேறு மாதிரி யோசித்தார். எழுத்தை எதற்குப் பொறுக்கணும்? ஈயத்தை உருக்கி ஒரு வரியை மொத்தமாக வார்த்துவிட்டால் என்ன? வேலை முடிந்ததும் மறுபடி உருக்கிவிடலாம், திருப்பி அடுக்கும் வேலையே இல்லை. அதுதான் லைனோடைப். 1886-இல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் ஓடத் தொடங்கிவிட்டது. பேஜின் மெஷின் 1894-இல் சிகாகோ ஹெரால்டு பத்திரிகையில் சோதனைக்குப் போய் அடிக்கடி மக்கர் பண்ணித் தோற்றது. ட்வைன் போட்டது சுமார் 3 லட்சம் டாலர். மிஞ்சின ஒரே ஒரு மெஷின் இப்போது ஹார்ட்ஃபோர்டில் அவருடைய பழைய வீட்டில் காட்சிக்கு இருக்கிறது. டிசைன் என்றால் பாகத்தைக் கூட்டுவது என்று நினைக்கிறவர்கள் ஒருதரம் போய்ப் பார்க்கலாம், விசா கிடைத்தால்!

அதே 1894 ஏப்ரலில் அவருடைய புத்தகக் கம்பெனியும் திவாலானது. கடன் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர்.

கடன்காரன் எழுதிய துப்பறியும் கதைகள்

முன்பே 1882-இல் 'திருடுபோன வெள்ளை யானை' என்று ஒரு கதை எழுதியிருந்தார். சயாம் ராஜா இங்கிலாந்து ராணிக்கு அனுப்பும் யானை வழியில் அமெரிக்காவில் காணாமல் போகிறது. துப்பறிகிற படை கிளம்புகிறது. யானை எங்கெங்கோ அட்டகாசம் செய்வதாகத் தந்திக்கு மேல் தந்தி. ஒரு யானையைப் பிடிக்க அவ்வளவு பேர், பணம் தண்ணீராய்ப் போகிறது. கடைசியில் யானையின் பிணம் எங்கே கிடைக்கிறது? துப்பறிவாளர்கள் தூங்குகிற கட்டிடத்து நிலவறையிலேயே! பாவம், பணத்தைத் தொலைத்தவர் அப்போதும் இன்ஸ்பெக்டரை மெச்சுகிறார்.

1894-இல் வந்த 'புடன்ஹெட் வில்சன்' வேறு ரகம். நம் பேச்சில் சொன்னால் மக்கு வில்சன். ஊருக்கு வந்த முதல் நாள் ஒரு ஜோக் அடித்தார் அந்த வக்கீல். ஊராருக்குப் புரியவில்லை, மக்கு என்று பட்டம் கட்டிவிட்டார்கள். இருபது வருஷத்துக்கும் மேல் வழக்கே வரவில்லை. பொழுதுபோக்காக ஊரார் கைரேகைகளைக் கண்ணாடித் துண்டுகளில் பதித்துச் சேர்த்து வைக்கிறார். அதே ஊரில் பார்க்க வெள்ளைக்காரி போல இருந்தாலும் சட்டப்படி அடிமையான ராக்ஸி, தன் குழந்தையையும் எஜமான் குழந்தையையும் தொட்டிலில் மாற்றிவிடுகிறாள். பின்னால் ஒரு கொலை. எல்லாரும் வேறு ஆள்மேல் பழி போட, மக்கு வில்சன் கோர்ட்டில் கண்ணாடித் துண்டுகளை எடுத்து வைக்கிறார். கொலைகாரனும் அகப்படுகிறான், தொட்டில் ரகசியமும் உடைகிறது. ஆனால் கதை அங்கே இனிப்பாக முடியவில்லை. அடிமையாக வளர்ந்த உண்மையான வாரிசுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எஜமானர்களின் கூடத்தில் உட்காரவே அவனுக்கு முடியவில்லை. முதல் முதலாக ஒரு ஆபீசுக்குள் நாற்காலியில் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும் என்று என் மாதிரி ஆட்களுக்குத் தெரியும்.

கைரேகை பற்றி கால்டன் என்ற விஞ்ஞானி 1892-இல் எழுதிய நூலைப் படித்துவிட்டு, சூட்டோடு சூடாகக் கதையில் சேர்த்தார் ட்வைன். கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897-இல் தான் தொடங்கியது. அதற்கு முந்தின வருஷம் ட்வைனே கல்கத்தாவில் இருந்தார்!

எப்படி வந்தார்? கடனுக்காகத்தான். திவால் சட்டப்படி முழுக் கடனையும் கட்டவேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தும் ஒரு காசு விடாமல் கட்டுவது என்று அவரும் மனைவியும் முடிவு செய்தார்கள். 1895 ஜூலையில், அறுபது வயசு நெருங்கும்போது, உடம்பில் கட்டியோடு, ஊர் ஊராக மேடையேறிச் சிரிக்க வைக்கப் புறப்பட்டார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, பிறகு 1896 ஜனவரியில் பம்பாய். அலகாபாத், காசி, கல்கத்தா, லக்னோ, டெல்லி, லாகூர் என்று நாடு முழுக்கச் சுற்றினார். டார்ஜிலிங்கிலிருந்து இறங்கும்போது மலை ரயில் பாதையில் எஞ்சின் இல்லாத, பிரேக் மட்டும் உள்ள ஒரு சின்ன வண்டியில் 35 மைல் சறுக்கி வந்தார். நம் நாட்டுக் காக்கையின் திமிரைப் பற்றியும் எழுதினார், தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொலைகாரர்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார். அங்கேயும் சிரிப்பும் திகிலும் பக்கத்துப் பக்கத்தில்தான். கல்கத்தாவில் கப்பலேறி நம்ம மதராசில் ஒரு நாள் நின்று இலங்கை போனார். மதராசில் நிகழ்ச்சி நடக்காதது நமக்குத்தான் நஷ்டம்.

சுற்றுப்பயணம் 1896 ஜூலையில் முடிந்தது. இங்கிலாந்தில் வீடு பார்த்துக்கொண்டு, ஊரில் விட்டுவிட்டு வந்த மகள்களுக்காகக் காத்திருந்தார். ஆகஸ்ட் 18 அன்று மூத்த மகள் சூசி மூளைக்காய்ச்சலில் இறந்த தந்திதான் வந்தது. வயசு 24. மனைவியும் இன்னொரு மகளும் நடுக்கடலில் கப்பலில் இருந்தார்கள், இவர் தனியாக அந்தத் தந்தியை வாங்கினார். அப்புறமும் உட்கார்ந்து பயணப் புத்தகத்தை எழுதி முடித்தார், சிரிப்புக் குறையாமல். 1897-இல் புத்தகம் வந்தது. 1898-இல் கடன் முழுதும் தீர்ந்தது.

அதே கடன் காலத்தில் 'டாம் சாயர் துப்பறிகிறான்' என்று ஒன்றும், பலூனில் சகாரா போகிற ஒன்றும் எழுதினார். பணத்துக்காக எழுதினது தெரிகிறது. இரண்டும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 1904-இல் மனைவி போனார். 1907-இல் ஆக்ஸ்போர்டு டாக்டர் பட்டம் கொடுத்தது, பள்ளிக்கூடத்தை விட்ட பையனுக்கு! 1909 டிசம்பர் 24 அன்று கடைசி மகள் ஜீனும் இறந்தாள். 1910 ஏப்ரல் 21 அன்று ட்வைன் கண்ணை மூடினார். பிறந்த வருஷம் வந்த ஹாலி வால்நட்சத்திரம் அப்போது திரும்ப வந்து வானத்தில் இருந்தது.

காணாமல் போன பாதி

'ஹக்கிள்பெரி ஃபின்' கையெழுத்துப் பிரதியை நியூயார்க் மாநிலத்தில் உள்ள பஃபலோ நகர நூலகத்துக்கு ட்வைன் கொடுத்திருந்தார், கேட்டு வாங்கியவர் ஒரு வக்கீல். ஆனால் நூலகத்தில் இருந்தது பாதிதான். முதல் பாதி அச்சாபீசிலேயே தொலைந்தது என்று நூறு வருஷமாக எல்லாரும் நம்பினார்கள். 1990-இல் லாஸ் ஏஞ்சல்சில் அந்த வக்கீலின் பேத்திகள் பரணில் கிடந்த பழைய பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே முதல் பாதி! படித்துப் பார்க்க எடுத்துப்போன வக்கீல் 1897-இல் இறந்துவிட, அது அப்படியே குடும்பச் சாமான்களோடு போயிருக்கிறது.

அச்சில் வராத பகுதிகளும் அதில் இருந்தன. அதில் ஒன்று, மழை இடிக்கு நடுவே குகைக்குள் உட்கார்ந்து ஜிம் ஹக்குக்குச் சொல்லும் பேய்க்கதை. டாக்டருக்குப் படிக்கும் சின்ன எஜமான், ராத்திரி நேரத்தில் தன்னைப் பிணம் அறுக்கும் அறைக்குத் தனியாக அனுப்பி, விறைத்துப்போன ஒரு பிணத்தைச் சூடுபடுத்தி வைக்கச் சொன்னதாக ஜிம் ஆரம்பிக்கிறான். அந்தப் பகுதி 1995-இல் ஒரு பத்திரிகையிலும், அடுத்த வருஷம் நாவலோடு சேர்ந்து புத்தகமாகவும் வந்தது. பிணம் என்ன பண்ணியது என்பதை நான் சொல்ல மாட்டேன், தேடிப் பிடித்துப் படித்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஹாஸ்டலில் கரண்ட் போகும்போது மட்டும் வேண்டாம்.